மூன்று கைகள் கொடுத்த மறதி

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் வலிக்கும். சுற்றிலும் ஆயிரம் மருந்து அடுக்கியிருக்கும். அதில் ஒன்றுகூட அந்த வலிக்கு உதவாது. நின்று நின்று பழக வேண்டியதுதான்.

நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் இரண்டும் சேர்ந்து ராஜினாமா எழுதின. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். ஐம்பத்து நான்கு வயதில் ஓய்வு என்பது தோசை பாதி வெந்திருக்கும்போது அடுப்பை அணைத்த மாதிரி. உட்காரத் தெரியவில்லை. காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொரு பஸ்ஸிலும் யாருக்கு சர்க்கரை, யாருக்கு பிரஷர், யார் வீட்டில் கைக்குழந்தை என்று மனசு பாட்டுக்குச் சீட்டு படிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். இருபத்தாறு வருடம் ஒரே தெருமுனையில் நின்றவளுக்கு ஊர் முழுக்க உறவு.

எனக்கு ஒரு பெருமை இருந்தது. எங்கள் பக்கத்தில் டாக்டர் சீட்டு ஒரு தடவைதான் கடைக்கு வரும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அட்டைத் துண்டு. தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் ஒரு மூலையைக் கத்தரித்துக் கொண்டு வருவார்கள். சட்டைப்பையில் கசங்கி வரும். முந்தானையில் முடிந்து வரும். செல்போன் உறைக்குள் ஒளிந்து வரும். மருந்தின் பெயரில் பாதி எழுத்து போயிருக்கும், மீதி வியர்வையில் கரைந்திருக்கும். நான் வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்ப்பேன். அட்டையின் நிறம், மாத்திரை உட்கார்ந்திருந்த குழியின் வடிவம், பின்பக்கக் கோட்டின் சாய்வு. அவ்வளவுதான். கை தானாக அலமாரிக்குப் போகும். முதலாளி வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "இந்தம்மா ஓட்டையப் பாத்தே மாத்திரைய சொல்லும்."

அந்தப் பெருமைதான் என் தப்பு. அட்டைத் துண்டு, மாத்திரை எது என்று சொல்லும். அதை யார் விழுங்குகிறார்கள், எத்தனை நாளாக, கூடவே வேறு எதை என்று அது ஒருநாளும் சொல்லாது. நானும் கேட்டதில்லை. கேட்காமல் கண்டுபிடிப்பதுதானே என் வித்தை!

ரேவதி அப்படித்தான் எனக்குப் பழக்கம். மண்ணூர்பேட்டையில் அவள் மாமியார் தனபாக்கியம் ஒரு மெஸ் நடத்தினாள். காலையில் இட்லி, தோசை, பொங்கல். எஸ்டேட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிற எழுபது எண்பது பேர் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் மெஷினுக்கு முன்னால் நிற்பார்கள். ரேவதி மாதம் ஒரு சனிக்கிழமை வருவாள். கறிவேப்பிலைக் கட்டு ஒரு கையில், அட்டைத் துண்டு ஒரு கையில். "அக்கா, இதே ஒரு மாசத்துக்கு. அப்டியே சளி மாத்திரை ஆறு அட்டை குடு. மொளகா நெடி, தும்மலா தும்முது." கொடுப்பேன். சிரிப்பாள். போய்விடுவாள். ஒன்றரை வருடம்.

அந்த அட்டைத் துண்டு, சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான மாத்திரை. இதைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நோயோடு வருகிறவர்கள் இதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். பிறகு டூத்பேஸ்ட் அடுக்கைப் பார்த்துக்கொண்டே, "அர்ஜென்ட்டா வருதும்மா, நிக்க மாட்டேங்குது" என்று அந்தப் பேஸ்ட்டிடம் சொல்வார்கள். நீங்களும் பேஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணைப் பார்த்துக் கேட்டால் மறுமுறை வரமாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம். ரேவதி வந்தாள். அட்டைத் துண்டோடு இந்த முறை ஒரு புதுச் சீட்டும் இருந்தது.

"அக்கா, இது புச்சு. மறதிக்கு."

"யாருக்கு?"

"எங்க அத்தைக்குத்தான்."

சீட்டைப் பார்த்தேன். வயது அறுபத்தாறு. ஞாபக சக்திக்கு என்று வயதானவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை. கை தன் பாட்டுக்கு இரண்டு அலமாரிக்கும் போய் இரண்டு அட்டையையும் எடுத்துவந்து கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது. காகித உறையைப் பிரித்தபடி, ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்: "என்ன ஆச்சு மெஸ்ஸம்மாவுக்கு?"

"இன்னாத்த சொல்றது போ. சாம்பார்ல ரெண்டு தபா உப்பு போட்றாங்க. கேஸ தெறந்து உட்டுட்டு தீப்பெட்டி தேட்றாங்க. போன வாரம் மாவு பாக்கெட் வாங்கியாரேன்னு போனாங்க. ஊடு மூணு தெரு தள்ளிக் கீது. பஸ் ஸ்டாப்புல நின்னுகினு, மண்ணூர்பேட்டைக்கு எந்த பஸ் போவும்னு கேட்டுகினு கீறாங்க. நிக்கிறதே மண்ணூர்பேட்டை ஸ்டாப்புதான்க்கா!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

"ஊட்டுக்காரரு முடிவே பண்ட்டாரு. ஆயுத பூஜ முடிஞ்சதும் அத்தைய அரக்கோணத்துல நாத்தனார் ஊட்ல வுட்டுட்டு, இங்க அடுப்புக்கு ஒரு மாஸ்டர் போட்றதாம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'என்ன அடுப்பாண்டேந்து இஸ்தா அங்கயே உய்ந்துடுவேன்'னாங்க. ஒரு மணி நேரம் கய்ச்சி, 'இன்னா பேசிகினு இருந்தோம்'னு கேக்குறாங்க."

என் கையில் உறை திறந்தபடி நின்றது. கவுண்டரில் இரண்டு அட்டைகள். நம் உடம்பில் ஒரு தூது ரசாயனம் ஓடுகிறது என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். சிறுநீர்ப்பையிடம் சுருங்கு என்று சொல்வது அது. வாயிடம் ஊறு என்றும் குடலிடம் நகரு என்றும் சொல்வது அது. மண்டைக்குள் நேற்றை எடுத்து இன்றின் கையில் கொடுப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு. சிறுநீர்ப்பையின் வாசலை மட்டும் சாத்தட்டும் என்று கொடுக்கிற மாத்திரை, சில பேருக்குத் தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டே போய்விடும். எல்லோருக்கும் அல்ல. வயதானவர்களுக்கு, அதிலும் அதே வேலையைச் செய்கிற மாத்திரைகள் இரண்டு மூன்று ஒன்றுசேரும்போது. புது அட்டையில் இருந்ததோ அதே தூதுவனை இன்னும் கொஞ்ச நேரம் ஊருக்குள் நிறுத்தி வைக்கிற மாத்திரை. ஒரு கை கதவைச் சாத்தும், இன்னொரு கை அதே கதவைத் தள்ளும். இதையெல்லாம் நானும் படித்தேன். பரீட்சையில் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

"ரேவதி, அவங்களுக்கு வாய் காயுதா?"

"எப்பவும் சொம்பும் தண்ணியுமாத்தான் கீறாங்க. நாக்கு மேல ஒட்டிக்குதாம். உப்பு ஒறப்பே தெர்லன்றாங்க."

"வெளிக்கி?"

"அதுக்கும் ஒன்கிட்டதான ஒரு மருந்து வாங்கினேன், போன மாசம்."

"ராத்திரில வேற ஏதாவது?"

"கால் எரிச்சலுக்கு நம்ம தெரு டாக்டரு ஒரு சின்ன மாத்திரை குடுத்தாரு. தூங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு."

அதுவும் அதே ஜாதி. இரண்டு ஆச்சு. பின்னால் ஒரு ஆள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா, ஜுரம் கொதிக்குது, கொஞ்சம் பாத்து" என்றார். அவருக்கு மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்: "இந்தச் சளி மாத்திரை யாருக்கு வாங்கற?"

"அத்தைக்குத்தான். தெனம் ரெண்டு."

"தெனமா? எவ்வளவு நாளா?"

ரேவதி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதானக்கா குடுத்துகினு கீற."

இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. அவள் திட்டவும் இல்லை. மெஸ்ஸில் வேலை செய்கிற நாலைந்து பேருக்குச் சேர்த்து வாங்குகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய வகைச் சளி மாத்திரை, தூக்கம் வரும், வாயை உலர்த்தும், மண்டைக்குள் மூட்டம் போடும். அதுவும் அதே ஜாதிதான். மூன்று கைகள். ஒன்று சிறுநீர் டாக்டர் கை, ஒன்று தெரு டாக்டர் கை, மூன்றாவது இதோ, கவுண்டரில் உறையைப் பிடித்திருக்கிற கை.

இங்கேதான் கவனியுங்கள். இந்த மாதிரி நேரத்தில் இரண்டு சபலம் வரும். ஒன்று, பேசாமல் உறையில் போட்டுக் கொடுத்துவிடுவது. சீட்டு இருக்கிறது, கேட்டால் சீட்டைக் காட்டலாம். இன்னொன்று இதைவிட ஆபத்து. எல்லாம் தெரிந்தவளாக நெஞ்சை நிமிர்த்தி, "எல்லா மாத்திரையையும் இன்னிக்கே நிறுத்து" என்பது. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு வேறு விதமாகத் திரும்பிக்கொள்ளும். தவிர, நான் டாக்டர் இல்லை. அந்த மறதி நிஜமாகவே நோயாகக்கூட இருக்கலாம்.

சளி மாத்திரையை மட்டும் எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தேன். "இது நான் கொடுத்தது, நான் நிறுத்தறேன். மத்தது டாக்டருங்க கொடுத்தது, அவங்கதான் நிறுத்தணும். புது மாத்திரைய ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிக்கலாமான்னு டாக்டரையே கேக்கறேன், இரு" என்று சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா கிளம்பிவிட்டார், திங்கட்கிழமைதான் என்றார்கள். புது அட்டையை மட்டும் கொடுக்காமல் தனியாக எடுத்து வைத்தேன்.

"ஊட்டுக்காரரு கத்துவாருக்கா. இம்மாம் நேரம் கியூவுல நின்னு வாங்கிகினு வந்த சீட்டு."

"கத்தட்டும். நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வரேன்."

கவுண்டரை விட்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, கடைசி ஈடு இட்லி இறங்கிய பிறகு போனேன். தனபாக்கியம் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குட்டையான, கெட்டியான பெண். முழங்கை வரைக்கும் எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகள்.

"யாரு, டாக்டரம்மாவா?"

"இல்லம்மா. மருந்துக்கடை."

"ஓ, அந்த மாத்திர குடுக்கிறவ நீதானா! நல்லா இரு தாயி. அது வந்தப்பறம்தான் நான் மனுசியா நிக்கிறேன்."

அந்த வாழ்த்தை அடியாக வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு இன்னா தெரியும். கக்கூஸு சந்து கோடில கீது. தோச ஊத்தினா வந்துடும். ஓடுவேன். வர்றதுக்குள்ள தோச கரிக்கட்ட. ஒரு நாளு ஓட முடியல. கம்பெனி ஆளுங்க அம்மாம் பேரு நிக்கிறாங்க. புடவ நனஞ்சிட்ச்சு. இன்னா பண்ணேன் தெரியுமா? கொடத்த எட்த்து எம்மேலயே ஊத்திகினேன். தண்ணி கொட்டிட்ச்சுன்னு நெனச்சிகினானுங்க. ஒருத்தன் தொடப்பம் எட்த்து கூட்டிகூட வுட்டான், பாவம்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மாத்திரை கெட்டது, அதைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரி என்று வரும் வழியெல்லாம் மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்த தீர்ப்பு அந்தக் குடத்துத் தண்ணீரில் போயிற்று. அந்த மாத்திரை ஒரு பெண்ணுக்கு மானத்தைக் கொடுத்திருக்கிறது. அதே மாத்திரை அவள் வீட்டுக்கு வழியை எடுத்துக்கொள்ளவும் பார்க்கிறது. நீங்கள் கொடுக்கப்போகிற ஒவ்வொரு அட்டையும் இப்படித்தான், ஒரு கையால் கொடுத்து மறு கையால் கேட்கும்.

"எனக்கு மறதி வந்துட்ச்சுன்னு இவ ஒன்கிட்டயும் சொல்ட்டாளா?" என்று ரேவதியை முகவாயால் காட்டினாள்.

"மறதி நோயா, மாத்திரை பண்ற வேலையான்னு பாக்கணும்மா. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் அணைந்த அடுப்பு மேடையை முந்தானையால் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உப்பு போட்டமான்னு தெர்ல. வாய்ல வெச்சிப் பாத்தாலும் தெர்ல. அதான் பயமா கீது. யார்ட்டயும் சொல்லாத" என்றாள்.

அவர்கள் வீட்டில் மாத்திரைகள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருந்தன. எல்லாவற்றையும் பாயில் கொட்டி, ஒவ்வொன்றாக எழுதினேன். பெயர், அளவு, எத்தனை நாளாக, யார் கொடுத்தது. சர்க்கரை மாத்திரை ஒரு வரி, மலச்சிக்கல் மருந்து ஒரு வரி, சிறுநீருக்கு ஒரு வரி, கால் எரிச்சலுக்கு ஒரு வரி. ஐந்தாவது வரி: சளி மாத்திரை, தினம் இரண்டு, ஒன்றரை வருடமாக, சீட்டு இல்லாமல். கொடுத்தது நான். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை முதலாளி அதைப் படித்துவிட்டு, "உனக்கு இன்னா பைத்தியமா? நீயே எழுதிக் குடுத்து நீயே மாட்டிக்கப் போறியா?" என்று குதித்தார்.

"அந்த வரிய விட்டுட்டா டாக்டருக்குப் பாதிக் கதைதான் சார் தெரியும்."

"கடை சீல் மட்டும் வெக்காத, சொல்ட்டேன்." உள்ளே போனார். விசிறியைப் போட்டார், அணைத்தார். அரை மணி நேரம் கழித்து அவரே சீலை எடுத்துவந்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தினார். "குத்தலன்னா கள்ள லெட்டர் மாதிரி கீது" என்றார். அவரைப் பற்றி எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன். இதையும் சொல்ல வேண்டும்.

அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். அன்று மத்தியானம் மறதிக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. நான் நின்றுகொண்டே பேசினேன், பள்ளிக்கூடத்தில் நிற்பது போல.

"சளி மாத்திரை பத்தி என்கிட்ட யாருமே சொல்லலையே?"

"மருந்துன்னு அவங்க நினைக்கல டாக்டர். கொடுத்த நானும் நினைக்கல."

போனில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவர் சங்கிலியால் என்னைக் கட்டி இழுத்துப் போவதாக ஒரு படம் மனசில் ஓடி முடிந்தது.

"சரி. என் மாத்திரை இப்ப வேண்டாம், நிறுத்தி வைங்க. மத்த ரெண்டு டாக்டர்கிட்டயும் நான் பேசறேன். கொஞ்ச வாரம் போகட்டும், திரும்பவும் பரிசோதிச்சுப் பாக்கறேன். அப்பவும் மறதி இருந்தா அது வேற விஷயம்." பிறகு, வைக்கப் போகிற நேரத்தில், "இந்த மாதிரி லிஸ்ட் இன்னும் யாருக்காவது எழுதினீங்கன்னா அனுப்புங்க" என்றார்.

சிறுநீர் டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்தி வேறு வகை ஒன்றுக்கு மாற்றினார். அது வேறு வழியில் வேலை செய்வது. மூளையின் கதவைச் சாத்தாது. பிரஷரை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கால் எரிச்சல் மாத்திரையைத் தெரு டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். எல்லாம் சுபம் என்று நான் அடுத்த சனிக்கிழமையிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரம் அதே மறதி. இரண்டாவது வாரம் அதே மறதியோடு பழைய அவசரமும் திரும்பி வந்தது. புது மாத்திரை வேலையைத் தொடங்க நாளாகும். மூன்றாவது வாரம் ரேவதி வந்தாள். கறிவேப்பிலை இல்லை. கையில் அட்டைத் துண்டு, பழைய மாத்திரையின் அட்டைத் துண்டு.

"இதையே குடுத்துடுக்கா. காலையில அடுப்பாண்ட போயிட்ச்சு அவங்களுக்கு. கரண்டியத் தூக்கி அட்ச்சாங்க. ஒன்ன நம்பி இருந்ததும் போச்சு. மறதியோட ஒலர்ந்தாவது இருந்தாங்க."

தம்பி தங்கைகளே, எனக்குக் கொடுத்துவிடத்தான் ஆசை. கொடுத்திருந்தால் அவள் சிரித்திருப்பாள். கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிற கை என்று பேர் எடுத்தவள் நான். கை அலமாரிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகூட விட்டது. துண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கவுண்டர்ல இதைக் கொடுக்க மாட்டேன். டாக்டர் சொன்னா கொடுக்கறேன். இப்பவே பேசு" என்று அங்கிருந்தே சிறுநீர் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுக்கச் சொன்னார். அதோடு, வந்த பிறகு ஓடாமல் வருவதற்கு முன்பே நேரம் வைத்துப் போய்வரப் பழக வேண்டும் என்றார்.

"நேரம் வெச்சின்னா, அத்தைக்கு கடியாரம் பாக்க எங்க நேரம்?" என்று போனை வைத்துவிட்டு அலுத்துக்கொண்டாள். படி இறங்கப் போனவள் நின்றாள். "ஈடு எறங்கறப்ப போவலாம்ல? ஒவ்வொரு ஈடு இட்லி எறங்கினதும், வந்தாலும் வர்லன்னாலும் போய்ட்டு வர்றது. அந்த நேரத்துக்கு நான் நிக்கிறேன் அடுப்பாண்ட."

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியம் அது. அவள் போன பிறகு முதலாளியிடம் அதைச் சொன்னேன். "இதுங்களுக்கெல்லாம் டிகிரி குடுக்கணும்" என்றார்.

ஐந்தாவது வாரம் ரேவதி வந்து ஒன்றும் வாங்காமல் நின்றாள். "இன்னிக்கி சாம்பார்ல உப்பு சரியாக் கீது" என்றாள். "நேத்தும் சரியாத்தான் இருந்துச்சு. நான் சொல்லல. கண்ணு பட்ரும்னு."

ஏழாவது வாரம் டாக்டரம்மா மறுபடி பரிசோதித்தார். முன்பு பாதிக்கு மேல் தப்பாகச் சொன்ன கேள்விகளில் இந்த முறை இரண்டு மட்டும் தப்பு. "இது வயசுக்கு இருக்கறதுதான், ஆனாலும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கணும்" என்றாராம். மறதி முழுக்க மாத்திரையால்தான் வந்தது என்று அவர் சொல்லவில்லை; நானும் உங்களிடம் சொல்ல மாட்டேன். எப்போதாவது கொஞ்சம் சொட்டுவது இன்னும் நிற்கவில்லை, அதற்கு வேறு ஏதாவது சேர்க்கலாமா என்று சிறுநீர் டாக்டர் கேட்டதற்குத் தனபாக்கியம் சொன்னது தெரு முழுக்கப் பரவிவிட்டது: "புடவ நனஞ்சா மாத்திக்கலாம் சார். மண்டைக்கு மாத்துப் புடவ ஏது?"

ஆனால் ரேவதியின் வீட்டுக்காரன் குமார் அசையவில்லை. அவனைக் குறை சொல்லாதீர்கள். பஸ் ஸ்டாப்பில் நின்ற தாயைக் கை பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தவன் அவன்தான். கேஸ் திறந்திருந்த அறைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவனும் அவன்தான். "கேள்விக்கு பதில் சொன்னா ஆச்சா? அடுப்பாண்ட ஒரு தப்பு நடந்தா ஆர் பதில் சொல்றது?" என்றானாம். ஆயுத பூஜை வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, மாஸ்டரிடமும் பேசி வைத்திருந்தான்.

பூஜை விடுமுறை முடிந்து கம்பெனிகள் திறந்த காலை. எஸ்டேட் வாசல்களில் உடைத்த பூசணிக்காய் சிவந்து கிடந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்த கையோடு ஆட்கள் மெஸ்ஸில் குவிந்துவிட்டார்கள். நானும் போனேன், இரண்டு இட்லி சாப்பிடுகிற சாக்கில். வாசல் ஓரம் ஒரு துணிப்பை கட்டி வைத்திருந்தது. குமார் அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அரக்கோணம் ரயில் பத்தரைக்கு.

தனபாக்கியம் அடுப்பில் நின்றாள். பதினொரு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ரேவதி பேப்பரும் பேனாவுமாகப் பக்கத்தில் போனாள். "போடி அந்தாண்ட" என்று முழங்கையால் தள்ளினாள் மாமியார். திரும்பிப் பார்க்காமல் தட்டுகள் நகர்ந்தன. நாலு இட்லி, ஒரு வடை. ரெண்டு தோசை, ஒண்ணு முறுகலா. பொங்கல், கெட்டிச் சட்னி. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது தட்டு நீலச் சட்டை போட்ட ஒரு ஆளிடம் போயிற்று.

"யம்மா, நான் பூரி சொன்னேன். பொங்கல குடுக்கிற?"

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டுவிட்டது. குமார் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். ரேவதி என்னைப் பார்த்தாள். நான் இட்லியைப் பார்த்தேன்.

தனபாக்கியம் கரண்டியோடு திரும்பினாள். அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பூரியா? இன்னிக்கி பூரியே போடல. இருந்த மொத்த எண்ணையும் வடைக்கே பூட்ச்சு. போர்டுல எய்தி கீது, படி. நீ பூரின்னு சொன்னது காதுல உய்ந்துச்சு. போடாத பூரிய கேட்டா நான் எங்க போவேன்? பொங்கல் சூடாக் கீது. துன்னு."

போர்டைப் பார்த்தோம். எல்லோரும் பார்த்தோம். பூரி இல்லை. நீலச் சட்டைக்காரன் அசட்டுச் சிரிப்போடு பொங்கலில் கை வைத்தான். "மாமே, ஒனக்குத்தான்டா மாத்திர தேவ" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். மெஸ் முழுக்கச் சிரித்தது. பதினோராவது தட்டும் அதற்குள் போய்விட்டது. அதுவும் சரியாகத்தான் போயிற்று.

குமார் போர்டை இன்னொரு தடவை படித்தான். பிறகு குனிந்து துணிப்பையைத் தூக்கினான். வாசல் பக்கம் போவான் என்று நினைத்தேன். உள்ளே போனான். பின்பக்க அறை மூலையில் பையை வைக்கிற சத்தம் கேட்டது.

தனபாக்கியம் தோசையைத் திருப்பினாள். தலையைத் திருப்பவில்லை.

"டேய், அங்க வெக்காத. அது உளுந்து மூட்ட வெக்கிற எடம்."